7 எழுத்தும் 36 பைட்டும்: வழங்கி நிரலில் தமிழின் செலவு

கேளம்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் படித்தவர் 7 எழுத்தென எண்ணுவார். கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாகக் கொள்ளும் யூனிகோடுக்கு அது 12 குறியீடு. யூடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால், சேமிப்பில் 36 பைட். கேட்கும்போது இணையப் பக்கத்தை ஆக்கித்தரும் வழங்கி நிரல்களைப் பற்றிய விவாதம் 'எந்த நிரல்மொழி வேகமானது' என்பதிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்ப் பக்கங்களின் செலவைத் தீர்மானிப்பது அதுவன்று. இந்த மூன்று எண்களில் எதை, எப்போது கணக்கிடுகிறோம் என்பதே.

1995இல் வெளிவந்த பிஎச்பி மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், பைட் நீளம் முன்பே குறித்து வைக்கப்பட்டிருப்பதால், கேட்டதும் கிடைக்கும். எழுத்தைச் சரியாக எண்ண வேண்டுமானால் யூனிகோடைக் கையாளும் ஐசியு நூலகத்தின் துணையோடு சரம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சி, தலைப்பை 20 பைட்டில் வெட்டினால் ஒரு குறியீடு பாதியில் முறிந்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். 4 குறியீட்டில் வெட்டினால் மகரத்தின் புள்ளி போய்க் 'கேளம' மிஞ்சும். வேகம் கிடைத்தது, பெயர் கெட்டது.

பக்கத்து ஊரான கோவளத்தில் சிக்கல் வேறு. அதன் 'கோ' ஒரே உயிர்க்குறியோடும் வரலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியே சேர்ந்தும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் நிரலுக்கு வெவ்வேறு சொற்கள். அகரவரிசையும் இப்படித்தான்: குறியீட்டு எண்ணை நம்பி அடுக்கினால் வகரத்துக்கு முன்னால் ளகரமும் ழகரமும் வந்து நிற்கும்.

2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றதற்குப் பின்னால், எழுத்து இப்படிக் குறியீடுகளாக உடைவது பற்றிய கவலையும் இருந்தது. எழுத்துக்கு ஒரு 16 பிட் எண். கேளம்பாக்கம் 14 பைட்டில் அடங்கும். கணக்கு அழகானதுதான். ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பவை. அவற்றை அறியாத உலாவியிலும் தேடுபொறியிலும் அவை தமிழாக வாசிக்கப்படா. சிக்கனத்துக்காக வாசகரை இழப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சேமிப்பில் இல்லாவிட்டாலும், கணக்கிடும் உழைப்பில் சிக்கனத்தை யூனிகோடிலேயே பெறலாம். ஊர்ப்பெயர் ஒருமுறை பதிவாகிறது, பலமுறை வாசிக்கப்படுகிறது. பதியும்போதே வடிவத்தை ஒருமைப்படுத்தி, எழுத்தெண்ணிக்கையையும் அகரவரிசைக்கான சாவியையும் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த உழைப்பு திரும்ப வராது. இதற்கும் விலை உண்டு: சேமிப்பு கூடும், வரிசை விதி மாறினால் சாவிகள் அனைத்தையும் புதிதாக ஆக்க வேண்டும். நொடிக்கு நொடி மாறும் தரவுக்கு ஆதாயமும் குறைவு. ஊர், பெயர், நூற்பட்டியல் போன்றவற்றுக்கோ இதுவே தக்க வழி.

கேளம்பாக்கத்தை அடுத்த சிறுசேரி சிப்காட் பூங்காவில் 2022 முதல் பெரிய தரவு மையம் இயங்குகிறது. வீணாகத் திரும்பச் செய்யும் கணக்கு அத்தகைய இடங்களில் மின்சாரமாகச் செலவாகிறது. எனவே அரசுத் தமிழ்த் தளங்களுக்கு ஒப்பந்தம் கோரும்போது, பக்கம் திறக்கும் நேரத்தோடு எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை, இருவடிவத் தேடல் ஆகிய மூன்றையும் சோதனையில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும்.