போர்தோ பட்டியலும் கம்பத்துப் பன்னீரும்: விலைக்கேத்த ரெட் ஒயின் எங்க கிடைக்கும்?

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, பட்ஜெட்டுக்குள்ள நல்ல ரெட் ஒயின் எது?" நான் பகல்ல கோட் எழுதுறவன், ஒயின் படிச்சவன் கிடையாது. ஆனா போடிநாயக்கனூர்க்காரன். ஒரு பொருளுக்கு விலை எப்படி வந்து ஒட்டுதுங்கிறதைச் சின்ன வயசுல இருந்து பார்த்துட்டு இருக்கேன். அதனால இந்தக் கேள்விக்கு வரலாறு வழியா பதில் சொல்றேன். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்க வரலாற்றை மட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல ஏலக்காய். மேல மலையில, பெரும்பாலும் கேரளா பக்கம் விளையிற காய், கீழ போடிக்கு வந்து விலை போகுது. ஸ்பைசஸ் போர்டோட மின் ஏலம் நடக்கிற இடம் ரெண்டு, ஒண்ணு இடுக்கி புத்தடி, இன்னொண்ணு போடி. ஏலத்துல வியாபாரி கையில சாம்பிள் வரும். உருட்டிப் பார்ப்பார், நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார். எட்டு மில்லிமீட்டருக்கு மேல, நல்ல பச்சை, வெடிக்காத காய்னா விலை ஏறும். வாசனை எங்க இருக்கு? உள்ள இருக்கிற கருப்பு விதையோட எண்ணெயில. காய் பெருசா இருந்தா எண்ணெயும் அதிகமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. கல்யாண வீட்டுத் தட்டுல வைக்க எட்டு மில்லி வாங்கலாம். டீக்கு இடிச்சுப் போட அது தண்டச் செலவு. எங்க ஊர்ல யாரும் வீட்டு டீக்கு எட்டு மில்லி இடிக்க மாட்டாங்க.

இதே கதைதான் 1855-ல பாரிஸ்ல நடந்தது. மூன்றாம் நெப்போலியன் உலகக் கண்காட்சி வைக்கிறார். போர்தோ ஒயின்களுக்கு ஒரு தரப்பட்டியல் வேணும். போட்டுக் கொடுத்தது யார்? குடிச்சுப் பார்த்து மார்க் போட்ட நீதிபதிகள் இல்லை, ஒயின் தரகர்கள். அவங்ககிட்ட இருந்த அளவுகோல், பல வருஷமா எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போச்சுங்கிற கணக்கு. அதிக விலைக்குப் போனது முதல் வகுப்பு. லஃபீத், லதூர், மார்கோ, ஓ-ப்ரியோன்னு நாலு தோட்டம் அப்போ ரெட் ஒயின்ல முதல் வகுப்பு ஆச்சு. அதுக்கப்புறம் முதல் வகுப்புக்கு ஏறினது ஒரே ஒரு தோட்டம்தான், 1973-ல மூட்டோன். கோட் பாஷையில சொன்னா, அன்னைக்கு மார்க்கெட் விலையை எடுத்து ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க. விலையால தரம் வந்தது, அந்தத் தரத்தால மறுபடி விலை ஏறுச்சு. அந்தத் தோட்டங்கள் மோசம்னு நான் சொல்லல. ஆனா நீங்க கொடுக்கிற காசுல ஒரு பங்கு அந்தப் பட்டியலுக்குப் போகுது.

அப்போ மலிவா, நல்லதா எங்க தேடுறது? பட்டியலுக்கு வெளிய போன கொடிகளைத் தேடணும். மால்பெக் பிரான்ஸோட தென்மேற்குப் பக்கத்துத் திராட்சை. 1853-ல பூஜேங்கிற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவோட மெண்டோசாவுக்குக் கொண்டு போனார். கார்மனேர் கதை இன்னும் சுவாரசியம். போர்தோவுல இருந்து சிலிக்குப் போன கொடி அது. அப்புறம் பிலாக்ஸெராங்கிற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்னு தீர்த்தப்போ, பிரான்ஸ்ல கார்மனேர் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. சிலியில அது மெர்லோன்னு நினைச்சு மெர்லோ பேர்லயே வித்துட்டு இருந்தாங்க. 1994-ல பூர்சிகோன்னு ஒரு பிரெஞ்சு தாவரவியலாளர் தோட்டத்துல நின்னு இலையையும் கொடியையும் பார்த்து "இது மெர்லோ இல்லையே"ன்னு சொன்னார். ஒரு நாடே தன்கிட்ட இருக்கிறது என்னன்னு தெரியாம வித்துட்டு இருந்திருக்கு.

ஏலக்காய்க்கும் இப்படி ஒரு புலம்பெயர்வு உண்டு. 1914 வாக்குல ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் குவாத்தமாலாவுக்குக் கொண்டு போன செடி, இன்னைக்கு ஏற்றுமதியில நம்மள முந்திட்டுப் போயிருச்சு. போடி வியாபாரிகிட்ட குவாத்தமாலான்னு சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

ஊர்ப்பேரை வெச்சு விக்கிறது புதுசு இல்ல, அதைப் போலி பண்றதும் புதுசு இல்ல. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல வீலர் தோண்டினப்போ மத்தியதரைக்கடல் பக்கத்துல இருந்து வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. ரெண்டு கைப்பிடி வெச்ச ஒயின் ஜாடி. பின்னாடி அதையெல்லாம் ஆராய்ஞ்சப்போ, அதுல பெரும்பங்கு கிரேக்கத்து கோஸ் தீவு வகை ஜாடின்னு தெரிஞ்சுது. கோஸ் ஒயின் அந்தக் காலத்து உசத்தி ரகம் கிடையாது. கடல் தண்ணி கலந்து செய்வாங்க, அதனால கெடாம தூரம் தாங்கும். இத்தாலிக்காரங்க அதே மாதிரி ஜாடி செஞ்சாங்க. கேட்டோங்கிற ரோமானியர் கி.மு. ரெண்டாம் நூற்றாண்டுல எழுதின விவசாயப் புத்தகத்துல, இத்தாலித் திராட்சையை வெச்சே கோஸ் ஒயின் மாதிரி செய்யிற பக்குவம் இருக்கு. புறநானூற்றுல 56-ம் பாட்டுல நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலத்துல கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மது வருது. பாண்டியன் குடிச்சது உசத்தி ரகமா, உப்புத்தண்ணி ரகமான்னு பாட்டு சொல்லல! நம்ம காலத்துக்கு வந்தா, பெங்களூர் ப்ளூ திராட்சையில செஞ்ச இனிப்பு ஒயின் 'போர்ட்'ங்கிற பேர்ல இங்க வித்திருக்கு. நிஜ போர்ட்டுக்குப் போர்ச்சுகல் 1756-லயே டூரோ பள்ளத்தாக்குல எல்லை வகுத்துருச்சு.

இப்போ எங்க பக்கம் வருவோம். போடியில இருந்து மலையை ஒட்டியே தெற்கால தேவாரம், கோம்பை, உத்தமபாளையம்னு போனா கம்பம் பள்ளத்தாக்கு. அனுமந்தன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டின்னு ஊருக்கு ஊர் திராட்சைப் பந்தல். மேல ஏலமலை, கீழ 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச பெரியாறு அணைத் தண்ணி. இங்க விளையிற பன்னீர் திராட்சையோட உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். கருநீலம், உருண்டை, உள்ள விதை. கடிச்சா ரோஜா வாசனை, அதான் பன்னீர். வடக்க இதே ரகத்தைக் குலாபின்னு கூப்பிடுறாங்க, மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்னு சொல்றாங்க. பாதிரியார்னா பூசைக்கு ஒயின் வேணும். கொடி எதுக்கு வந்திருக்கும்னு நானே யூகிச்சுக்கிறேன்.

இதே கொடியைக் கலிஃபோர்னியாவுல பிளாக் மஸ்கட்னு சொல்லி, சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிற இனிப்பு ஒயின் செய்யிறாங்க. சீனாவுல தியான்ஜின்ல 1980-ல ரெமி மார்த்தான் கம்பெனி கூட்டு சேர்ந்து தொடங்கின டைனஸ்டி ஒயினுக்கும் இதுதான் திராட்சை. கம்பத்துல இருந்து மட்டும் ஏன் பேர் சொல்ற ஒயின் வரல?

ரெண்டு காரணம். முதல் காரணம் செடி. குளிர் நாட்டுல கொடி பனிக்காலத்துல தூங்கும், வருஷம் ஒரு விளைச்சல். கம்பத்துல தூக்கமே கிடையாது, வெட்டி விட்டு வெட்டி விட்டு வருஷம் முழுக்க எங்கயாவது ஒரு தோட்டத்துல அறுவடை. பந்தல் நிறைய குலை, தண்ணிச் சத்தான பழம். ரெட் ஒயினுக்கு வேணுங்கிறது சின்னப் பழம், தடிச்ச தோல். நிறமும் துவர்ப்பும் தோல்ல இருந்துதான் வருது. பன்னீர்ல இனிப்பு ஒயின் அருமையா வரும், கபர்னே மாதிரி முறுக்கான ட்ரை ரெட் எதிர்பார்த்தா ஏமாத்தம்தான்.

ரெண்டாவது காரணம் சட்டம், எனக்கு இதுதான் பெருசாப் படுது. 1937-ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல மாகாணம் முழுக்க. 1971-ல தளர்த்தி, கொஞ்ச வருஷத்துலயே மறுபடி மூடி, 1981-ல எம்.ஜி.ஆர். காலத்துல திறந்தாங்க. 1983-ல டாஸ்மாக் வந்தது. 2003 கடைசியில சில்லறை விற்பனையும் அது கைக்கே போச்சு. இதுக்கு நடுவுல யாரு ஒயின் கொடி நட்டு, அஞ்சு வருஷம் பொறுத்து, பீப்பாய் வாங்கி வைப்பான்? அதே காலத்துல கர்நாடகாவுல குரோவர் குடும்பம் 1988-ல நந்தி மலை அடிவாரத்துல பிரெஞ்சுக் கொடி நட்டுச்சு. மகாராஷ்டிரா 2001-ல ஒயினுக்குத் தனிக் கொள்கை போட்டு வரிச் சலுகை கொடுத்தது, நாசிக் வளர்ந்துச்சு. கம்பத்து விவசாயிக்கு மிச்சம், பழமா விக்கிற வழிதான். பழுத்த குலை காத்திருக்காது, மழை பெஞ்சா பழம் வெடிச்சுப் போகும். வியாபாரி சொன்னதுதான் விலை. 2020 ஊரடங்குல லாரி ஓடாதப்போ, வாங்க ஆளில்லாம பழம் கொடியிலயே கிடந்தது. ஒயின் ஃபேக்டரி வேணும்னு அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா கேட்டுட்டே இருக்காங்க. அவங்களுக்கு ஒயின் மேல ஆசையெல்லாம் இல்ல, பழத்துக்கு ரெண்டாவது வாடிக்கையாளர் வேணும், அவ்வளவுதான்.

சரி, கடையில நின்னு என்ன எடுக்கிறது? வரிக்கணக்கு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. வெளிநாட்டு பாட்டில் ஒயினுக்கு இறக்குமதி வரி 150 சதவீதம்னு இருந்தது. உதாரணத்துக்கு, துறைமுகத்துல 300 ரூபாய் மதிப்புல இறங்கின பாட்டில் வரியோட 750 ஆகுது. அதுமேல மாநில வரி, இறக்குமதியாளர் லாபம், கடை லாபம். அந்த 300-லயே பாட்டில், மூடி, கப்பல் கூலி எல்லாம் அடக்கம். மிச்சம் உள்ள திரவத்துக்கு எவ்வளவு போயிருக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க. மலிவான 'போர்தோ' லேபிள் மேல எனக்குச் சந்தேகம் வர்றது அதனாலதான், அந்தப் பேருக்கும் சேர்த்துக் காசு போகுதே. அதே காசுக்கு நாசிக் ஷிராஸ், நந்தி மலை கபர்னே-ஷிராஸ், அக்லூஜ் பக்கத்து சாஞ்சியோவேசே எடுத்தா காசு பாட்டிலுக்குள்ள இருக்கும். கொஞ்சம் கூட செலவு பண்ணலாம்னா சிலி கார்மனேர், மெண்டோசா மால்பெக். ஆஸ்திரேலியாவும் பாருங்க. 2022 டிசம்பர் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அஞ்சு டாலருக்கு மேல மதிப்புள்ள பாட்டிலுக்கு வரி 100, பதினஞ்சு டாலருக்கு மேலன்னா 75 சதவீதம்னு ஆரம்பிச்சு, வருஷா வருஷம் இறங்குற மாதிரி வெச்சிருக்காங்க.

விலை குறைஞ்ச ரெட் ஒயினைப் பழசாக்கி வெச்சு எந்தப் பிரயோஜனமும் இல்ல, புது வருஷம் போட்டதை எடுங்க. திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. மே மாசம் வெயில் படுற ஷெல்ஃப்ல நிக்கிற பாட்டிலைத் தொடாதீங்க. அப்புறம் ரெட் ஒயினை 'ரூம் டெம்பரேச்சர்'ல குடிக்கணும்னு சொன்னது ஐரோப்பியக் கல் வீட்டு ரூம், 16-18 டிகிரி. வேளச்சேரி ரூம் இல்ல. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பேரை இனி வேற ஊர்க்காரன் எடுத்து ஒட்ட முடியாது. பழம் அதே குமுளி ரோட்டு ஓரத்துல கிலோ கணக்குல போயிட்டிருக்கு. அந்தப் பக்கம் போனா விதையோட இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க, விதையில்லாதது வேற ரகம்.

அடுத்த எபிசோடுல போடி-மதுரை ரயில். 1928-ல வந்து, நடுவுல காணாமப் போய், 2023-ல மறுபடி ஊருக்குள்ள வந்த கதை.