கவாய் கவுண்டி: பஞ்சாயத்து இல்லாத தீவின் உள்ளாட்சி

இறைவன் கோயில் இருக்கும் தீவு என்றுதான் நம்மவர்கள் பலருக்குக் கவாயைத் தெரியும். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-இல் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் 1970-இல் அங்கே ஆதீனம் அமைத்தார். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில், பெங்களூரில் உளி கொண்டு செதுக்கிய கற்கள் கப்பலேறிப் போய் வைலுவா ஆற்றங்கரையில் சோழர் பாணிக் கோயிலாக எழுந்தன. 2023 மார்ச்சில் குடமுழுக்கு. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தத் தீவில் ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், தெருக் குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நிலம். ஹவாய் மாநிலத்தின் பெரிய தீவுகளில் வயதில் மூத்தது கவாய். நடுவில் வயாலெயாலே மலை. ஆண்டுக்கு 9,000 மி.மீட்டருக்கு மேல் மழை கொட்டும் சிகரம். அங்கிருந்து மேற்கே கெகாஹா கடற்கரைக்கு வந்தால் ராமநாதபுரத்து வெயில். ஈரத்துக்கும் வறட்சிக்கும் நடுவே வைமேயா பள்ளத்தாக்கு, சுமார் 900 மீட்டர் ஆழம். வடமேற்கில் நா பாலி செங்குத்துப் பாறைகள் கடலுக்குள்ளிருந்து நேராக எழுகின்றன. அவற்றைக் குடைந்து சாலை போட முடியவில்லை. அதனால் தீவை வாகனத்தில் முழுதாகச் சுற்றி வர முடியாது. வடக்கே ஹயேனாவில் சாலை முடிந்துவிடும், மேற்கே போலிஹாலே பக்கம் முடிந்துவிடும்.

அடுத்து வரலாறு. கவாயின் அரசர் காவுமுவாலி 1810-இல், மற்றத் தீவுகளை வென்றிருந்த மன்னர் கமெஹமெஹாவின் மேலாட்சியை ஏற்றுக்கொண்டார். ஹவாய்த் தீவுகளில் போரில் பிடிக்க முடியாமல் பேச்சில் இணைந்த தீவு இது. 1835-இல் கோலோவாவில் கரும்புத் தோட்டம் வந்தது. தோட்டத்துக்குக் கூலியாட்களாகச் சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் அடுத்தடுத்து வந்து இறங்கினார்கள். இன்றைய வாக்காளர்களில் பலர் அவர்களின் பேரன் பேத்திகள்தான். மலையகத்தையும் மலேயாவையும் அறிந்த தமிழருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா 1898-இல் ஹவாயை இணைத்துக்கொண்ட பிறகு எல்லா அதிகாரமும் ஹொனலூலுவில் குவிந்தது. கவுண்டி என்னும் உள்ளாட்சி அலகுகளை அமைக்க 1903-இல் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. 1905 சட்டம் நிலைத்தது. கவாய் கவுண்டி பிறந்தது. கவாய், நிஹாவ் என்னும் இரண்டு தீவுகளும் ஆளில்லாத இரண்டு குட்டித் தீவுகளும் அதன் எல்லை. லிஹூவே தலைநகர். 1913-இல் கட்டிய கவுண்டி அலுவலகக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

நமக்கு வியப்பான செய்தி இனிமேல்தான். ஊராட்சி, ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி என்று படிப்படியாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கவாயில் அந்தப் படிகள் எதுவும் கிடையாது. ஹவாய் மாநிலத்தில் எங்குமே கிடையாது. லிஹூவே, கபாவா, ஹனலேய் எல்லாம் பெயரளவில் ஊர்கள். அவற்றுக்குத் தனி மன்றமோ தலைவரோ இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி 73,298 பேருக்கும் ஒரே உள்ளாட்சி. காவல், தீயணைப்பு, குடிநீர், பேருந்து, கட்டட அனுமதி, சொத்து வரி அனைத்தும் கவுண்டியிடம். பள்ளிக்கூடம் மாநிலத்திடம்.

கவுண்டியை மேற்பார்வையாளர் குழு ஒன்று ஆண்ட காலம் 1969-இல் முடிந்தது. புதிய சாசனப்படி மேயரும் ஏழு பேர் கொண்ட மன்றமும் வந்தன. முதல் மேயர் அண்டோன் விடினா. லிஹூவே விளையாட்டரங்குக்கு அவர் பெயர்தான். மேயருக்கு நான்காண்டு, மன்ற உறுப்பினருக்கு இரண்டாண்டு. கட்சிச் சின்னம் இல்லை, வார்டும் இல்லை. ஏழு பேரையும் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. கட்சி இல்லாதது நல்லது. வார்டு இல்லாததில் எனக்கு உடன்பாடில்லை. சாலை முடியும் இடத்தில் குடியிருப்பவர், இவர்தான் எங்கள் ஆள் என்று யாரைப் போய்ப் பார்ப்பார்?

எழுபதுகளில் இந்த மன்றம் செய்த ஒரு காரியம் போதும் அதன் குணம் தெரிய. நவிலிவிலிக் கரையில் பத்து மாடி ஹோட்டல் ஒன்று எழுந்திருந்தது. அதைப் பார்த்து மிரண்ட மக்கள், இனி ஒன்று கூடாது என்றார்கள். தென்னை மரத்தைத் தாண்டி ஹோட்டல் உயரக் கூடாது என்று விதி வந்தது. ஏறத்தாழ நான்கு மாடி. ஹொனலூலுவில் வைகிகிக் கடற்கரையின் கண்ணாடிக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு அந்த விதியின் அருமை புரியும்.

இந்த உள்ளாட்சியைப் புயலும் மழையும் சோதித்ததுண்டு. 1992 செப்டம்பர் 11-இல் இனிகி புயல் அடித்தது. 14,000-க்கு மேற்பட்ட வீடுகள் சேதம்; அவற்றில் 1,400-க்கும் மேல் தரைமட்டம். தீவின் முதல் பெண் மேயரான ஜோஆன் யுகிமுரா அப்போது பதவியில் இருந்தார். 2018 ஏப்ரலில் ஹனலேய் பக்கத்து வைப்பாவில் 24 மணி நேரத்தில் 1,262 மி.மீ. மழை. அமெரிக்க வரலாற்றில் அதுவே உச்சம். வடகரைச் சாலை ஓராண்டுக்கு மேல் வெளியாருக்கு மூடிக் கிடந்தது.

நிஹாவ் தனிக்கதை. 1864-இல் எலிசபெத் சின்கிளேர் 10,000 டாலருக்கு வாங்கிய தீவு. இன்றும் அவர் வழிவந்த ராபின்சன் குடும்பத்தின் சொத்து. அழைப்பில்லாமல் போக முடியாது. வீட்டுமொழி ஹவாய் மொழி. 2020-இல் குடியிருந்தவர்கள் 84 பேர். 1959 வாக்கெடுப்பில் மாநில அந்தஸ்து வேண்டாமென்று பெரும்பான்மையாகச் சொன்ன ஒரே வாக்குச்சாவடி இதுதான். கவுண்டியின் வரைபடத்துக்குள் இருந்தாலும் கவுண்டியின் கை அங்கே அதிகம் நீள்வதில்லை.

கோயிலுக்குப் போகிறவர்கள் லிஹூவே விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள். கவுண்டி மன்றம் சில நிமிடத் தூரம். கூட்டம் பெரும்பாலும் புதன்கிழமை காலையில் நடக்கும். பொதுமக்கள் எழுந்து பேசவும் இடமுண்டு. நாள் ஒத்துவந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.