சதுரங்கப் பலகையின் நெற்கணக்கு

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்களின் வாழ்வு கடலோடும் வயலோடும் பிணைந்தது. அங்குக் களவெட்டியில் நெல்லை எண்ணுவார் இலர், அளப்பாரே உளர். முன்னாளில் மரைக்காலும் அவணமும் வழங்கின. இன்று மூட்டையும் கிலோவும் வழங்குகின்றன. எண்ணற்கரியதை அளந்தறியும் இம்முறையே ஒரு பேரெண்ணின் மெய்ம்மையை ஐயுற்ற அறிஞர் ஒருவரைத் தெளிவித்தது.

சதுரங்கத்தை வகுத்த சிஸ்ஸா என்பான், பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் தானியம் வேண்ட, அரசன் அதனை அற்பமென எண்ணினான் என்பது பழங்கதை. இதனை எழுதியவருள் ஒருவர், திமஷ்கில் காதியாக இருந்து 1282இல் மறைந்த இப்னு கல்லிகான். அவர் இத்தொகையை முதலில் நம்பவில்லை. அலெக்சாந்திரியாக் கணக்கர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அதனைக் கணக்கர் ஒரு சிறுபடியாகக் கொண்டார். பின்னர் மணியை விட்டுப் படியையே இரட்டித்தார். 40ஆம் கட்டத்தில் ஒரு களஞ்சியம் நிறைந்தது. 50ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள் கொண்ட ஒரு பட்டினம். இறுதிக் கட்டத்தில் அத்தகைய பட்டினங்கள் 16,384! நீதிபதியின் ஐயம் அகன்றது. எண்ணால் எய்தாத தெளிவை அளவை தந்தது எனலாம்.

மொத்தம் 18,446,744,073,709,551,615. நெல்லாயின், ஆயிரம் மணி 25 கிராம் எனக் கொள்ள, ஏறத்தாழ 46,000 கோடி தொன். இலங்கை முழுவதன் விளைச்சலும், ஆண்டுக்கு 45 இலட்சம் தொன் எனினும், இதனை ஈடுசெய்ய ஓரிலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

இவ்வெண்ணை 1000ஆம் ஆண்டளவிலேயே அல்பிரூனி கணித்திருந்தார். இரட்டித்துக்கொண்டே போகும் சலிப்பு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கித்தால், முதற் கட்டத்திலிருந்து இருமடங்கு தொலைவிலுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். 3ஆம் கட்டத்தின் 4, 5ஆம் கட்டத்தின் 16ஐத் தரும். அது 9ஆம் கட்டத்தின் 256ஐ. பின் 17, 33. இவ்வாறு ஐந்தே பெருக்கல்களில், பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தை எட்டலாம். அதில் ஒன்று குறைப்பின், முந்திய 64 கட்டங்களின் கூட்டுத்தொகை அதுவே.

அல்பிரூனி ஏறிய படிகளிலே இறங்கினால் எண்ணின் உட்கூறுகள் புலனாகும். ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தது, அதன் மூலத்தில் ஒன்று குறைந்ததினதும் ஒன்று கூடியதினதும் பெருக்கமன்றோ? எனவே நம் பேரெண் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 ஆகியவற்றின் பெருக்கமாகும். இவற்றுள் இறுதியானதையும் முதன்மை எண்ணென்றே பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா கருதினார். 641ஆல் அது மீதியின்றி வகுபடும் என்பதை 1732இல் ஒயிலர் காட்டினார், ஈவு 6,700,417. ஆக, சிஸ்ஸா வேண்டிய தொகை ஏழு முதன்மை எண்களின் பெருக்கம். அவற்றுள் எதுவும் இருமுறை வருவதில்லை.