நரம்பில் ஏறிய பூண்டு

சீன மூலிகைன்னாலே எனக்கு ஜின்செங் வேர்தான் ஞாபகம் வரும். ஆனா பூஞ்சைக்கு எதிரா அங்கே நிஜமாவே நோயாளி மேல சோதிச்ச சரக்கு நம்ம அடுப்படியிலயே கிடக்கு. பூண்டு!

1980ல ஹூனான் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சீன மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. 21 நோயாளிகள், எல்லாருக்கும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல். இந்தக் கிருமி புறா எச்சத்துல வளர்ற ஒரு ஈஸ்ட். மூச்சோட நுரையீரலுக்குப் போய், அங்கேருந்து மூளை உறைக்கு ஏறிடும். வைத்தியம் பார்க்கலேன்னா ஆள் பிழைக்கிறது கஷ்டம். 1950கள்ல கண்டுபிடிச்ச ஆம்போடெரிசின் பி இருந்துச்சுதான், ஆனா அது உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுற குளிர்காய்ச்சலைக் கொடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதனால பூண்டுச் சாறை ஊசியாவே ஏத்திப் பார்த்திருக்காங்க. தைரியம்தான்!

பூண்டை நசுக்கினா வர்ற காரமான அல்லிசினை 1944லயே கேவலிட்டோவும் பெய்லியும் பிரிச்சு எடுத்துட்டாங்க. முழுப் பல்லுல அது கிடையாது. தனித்தனி அறையில இருக்கிற அல்லியினும் ஒரு நொதியும் நசுக்கும்போது கலந்துதான் உண்டாகுது. கண்ணாடித் தட்டுல பூஞ்சையை நல்லாவே அடக்கும். ஆனா ரத்தத்துல கலந்தா சீக்கிரம் உருமாறிடும். நம்ம பாஷையில சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே சார்" கதை :-) மூளைத் தண்டுவட நீர் வரைக்கும் போச்சா, இல்லையா?

இதை அளந்து பார்த்த முடிவு 1990லதான் வந்துச்சு. லாரி டேவிஸும் சீன மருத்துவர்களும் சேர்ந்து ஐந்து பேருக்குப் பூண்டுச் சாறை நரம்பு வழியா கொடுத்து, ரத்தத்தையும் தண்டுவட நீரையும் எடுத்துச் சோதிச்சாங்க. ரத்தப் பிளாஸ்மாவோட பூஞ்சையை அடக்கும் திறன் இரண்டு மடங்காச்சு. கேட்க பிரமாதமா இருக்குல்ல? பாதிப் பாதியா நீர்த்துப் பார்க்கிற இந்த மாதிரி சோதனையில அது ஒரே ஒரு படி, அவ்வளவுதான். ஆனா ஐந்து தண்டுவட நீர் மாதிரிகள்ல நாலுல கொஞ்சமாவது திறன் தெரிஞ்சுது. போய்ச் சேர்ந்திருக்கு! என்னைக் கேட்டா, பெரிய விஷயம் இதுதான்.

1994ல அதே டேவிஸ் குழு, பூண்டுச் சாறும் ஆம்போடெரிசினும் சேர்ந்தா இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதினாங்க. அதுவும் சோதனைக் குழாய்க்குள்ளேதான். 2022ல உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்குப் புது வழிகாட்டி போட்டப்போ, கொழுப்புக் குமிழியில அடைச்ச ஆம்போடெரிசினை ஒரே ஒரு பெரிய டோஸா, கூட ரெண்டு மாத்திரையோட கொடுக்கச் சொன்னாங்க. பூண்டு அதுல இல்லை.