பிளக்கில் படிந்த கரி

சென்னையிலிருந்து திருத்தணி நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தபின் வருகின்ற பட்டாபிராமைப் பற்றி எழுதப் புகும் எவரும், அங்குள்ள இராணுவக் கிடங்குகளையும், அவற்றுக்கென்றே பிரதான இருப்புப் பாதையிலிருந்து பிரித்துப் போடப்பட்ட கிளைப் பாதையையும், ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று இராணுவத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ரயில் நிலையத்தையும் சொல்லித்தான் தொடங்குவர். அது நியாயமே. ஆயினும் அதே சாலையின் ஓரத்தில், மர நிழல்களிலும் தகரக் கொட்டகைகளிலும், எந்த ஆவணத்திலும் ஏறாத ஒரு தொழில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் செழித்திருந்தது. பெட்ரோல் யந்திரத்தின் ஸ்பார்க் பிளக்கில் படியும் கரியைக் கண்டு, அதன் காரணத்தை ஊகித்து, அதை நீக்கி, மறுபடி படியாதவாறு வண்டியைத் திருத்தி அனுப்புகின்ற தொழிலையே சொல்கிறேன். சிறு தொழில்தான், ஆனால் இவ்வட்டாரத்து மக்கள் வேலைக்குச் சென்றதும் வீடு திரும்பியதும் பல்லாண்டுகள் அதை நம்பியே நடந்தன.

பிளக் என்பது பீங்கான் உறைக்குள் ஒரு கம்பியும், அதற்கு எதிரே வளைந்து நிற்கும் மற்றொரு கம்பியும், இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியும் கொண்ட எளிய சாதனம். 1860-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் லெனுவார் என்பவர் தமது வாயு யந்திரத்தை மின்பொறியால் எரியச் செய்தார் எனினும், மோட்டார் வண்டிகளுக்கு நம்பத்தக்க பொறி கிடைத்தது 1902-இல், ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் இணைத்து உருவாக்கிய பின்னரே. அன்றுதொட்டு இன்றுவரை அதன் பரம சத்துரு கரியாகவே இருந்து வருகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆகவே பீங்கானின் மூக்கில் அது மெல்லிய போர்வையாகப் படிந்துவிட்டால், ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தோடு வருகின்ற மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல், கரியின் வழியே வழிந்து யந்திரத்தின் உடலுக்குள் மறைந்துவிடும். பெட்ரோலும் காற்றும் உள்ளே தயாராக இருந்தும் தீ மூளாது.

இதற்குப் பரிகாரமும் பிளக்கிலேயே அமைந்திருக்கிறது. பீங்கானின் முனை சுமார் 450 அல்லது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால், அதன்மேல் படிந்த கரி தானே எரிந்து நீங்கிவிடும். 850 டிகிரியை மிஞ்சினாலோ, பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டினாலேயே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனுக்குச் சேதம் விளையும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் பிளக்கை நிறுத்துவதற்காகவே பீங்கான் மூக்கை நீளமாக்கிச் சூடான பிளக்கும், குட்டையாக்கிக் குளிர்ந்த பிளக்கும் செய்யப்படுகின்றன. மெதுவாக ஓடி அடிக்கடி நிற்கும் வண்டிக்கு வேகமாக ஓடும் வண்டியின் பிளக்கைப் பொருத்தினால், அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வெப்பத்தை ஒருபோதும் எட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் மோட்டார்க்காரர்கள் கரியோடு மிகக் கடுமையாகப் போராடிய காலம் இரண்டாவது உலக மகாயுத்த காலம். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து பஸ்கள் நின்றுபோகும் நிலை ஏற்பட்டபோது, மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்தார் கரி வாயு உற்பத்தி செய்யும் யந்திரத்தை வடிவமைத்து வண்டிகளில் பொருத்தினர். மரக்கரியைக் குறைந்த காற்றில் கனியவிட்டால் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைக் குழாய் வழியே இழுத்து யந்திரத்துக்கு ஊட்டுவதே அதன் தத்துவம். பஸ்ஸில் உயரமான இரும்புக் கலனைச் சுமந்துகொண்டு, புறப்படுவதற்கு முன் வெகுநேரம் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக் கனலை மூட்டி, மேடு வந்தால் முக்கி முனகி ஏறிய அந்தக் கரி பஸ்களைப் பற்றி, அக்காலத்தில் பிரயாணம் செய்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போர் இன்னும் பலர் உளர். சாம்பலும் தாரும் கரித்தூளும் வடிகட்டியைத் தாண்டி உள்ளே புகுந்து பிளக்கை அடைத்துவிடுவது சகஜம். வழியில் இறங்கிப் பிளக்கைக் கழற்றித் துடைப்பது டிரைவர், கிளீனர் ஆகியோரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாயிற்று. பிளக்கைப் பார்த்து யந்திரத்தின் உள்நிலையைச் சொல்லும் வித்தை நம் நாட்டுச் சாமானியத் தொழிலாளியின் கைக்கு வந்ததில், இந்தக் கஷ்ட காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அதே யுத்த காலத்தில்தான் ஆவடியும் பட்டாபிராமும் வயற்காட்டுக் கிராமங்கள் என்ற நிலையிலிருந்து இராணுவத் தளமாக மாறின. சுதந்திரத்துக்குப் பின் அந்த அஸ்திவாரத்தின்மேல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ.சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது, ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய 1955-ஆம் ஆண்டிலேயே, மெட்ராஸ் மோட்டார்ஸார் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடன் சேர்ந்து புல்லட் மோட்டார் சைக்கிளைச் சென்னையில் தயாரிக்க ஏற்பாடு செய்தனர், அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை வந்தது, 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965-இன் இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. விஜயந்தாவின் யந்திரம் அழுத்தத்தினாலேயே எரிபொருளைப் பற்றச் செய்யும் வகையைச் சேர்ந்தது. அதில் பிளக்கே கிடையாது. ஆனால் அந்த டாங்கியைச் செய்யச் சென்ற தொழிலாளியின் ஸ்கூட்டரில் பிளக் இருந்தது. காலைச் சங்கு ஊதுவதற்குள் அவர் வாசலைத் தாண்டுவாரா என்பதை அதுவே தீர்மானித்தது. சைக்கிளும் டயரும் டாங்கியும் செய்த இவ்வட்டாரத்துக்குப் பிளக் மட்டும் பெரும்பாலும் வெளியூரிலிருந்தே வந்தது. பாஷின் கூட்டுறவோடு 1951-இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மைகோ நிறுவனத்தின் பிளக்கே கடைதோறும் கிடைத்தது. பிளக் வாங்கப் போகிறவர் ‘மைகோ ஒண்ணு குடுங்க’ என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

எழுபதுகளின் இறுதியும் எண்பதுகளும் இந்தத் தொழிலின் உச்ச காலம் என்று சொல்லலாம். லாம்ப்ரெட்டாவும் பஜாஜும் ஏற்கனவே சாலையை நிறைத்திருக்க, 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது; இவற்றோடு மூன்று சக்கர ஆட்டோக்களும் பெருகின. இவை யாவும் டூ-ஸ்ட்ரோக், அதாவது இரு வீச்சு யந்திரங்கள். நான்கு வீச்சு யந்திரத்தில் எண்ணெய் தனியே அடியில் தேங்கி நின்று உறுப்புகளுக்கு மசகாவதுபோல் இவற்றில் கிடையாது. மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே சென்று, தன் வேலையை முடித்துத் தானும் எரிந்துபோக வேண்டும். முழுதும் எரியாத எண்ணெயின் மிச்சமே பிளக்கின் கரி.

பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் போதும் என்று உற்பத்தியாளர் சொல்லியிருந்தும், அந்த அளவோடு நிறுத்தியவர் சிலரே. எண்ணெய் குறைந்தால் எஞ்சின் ‘சீஸ்’ ஆகிவிடும், பிஸ்டன் பிடித்துவிடும், செலவு ஆயிரக்கணக்கில் போகும் என்ற அச்சத்தால், பங்க்கில் அளந்து ஊற்றியது போதாதென்று தம் கையால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, வண்டியை இருபுறமும் நாலு முறை ஆட்டிக் கலக்கிவிட்டே கிளம்புவர். யந்திரத்தின்மேல் வைத்த அபிமானமே பிளக்குக்கு வினையாயிற்று. இதனோடு பட்டாபிராமின் சாலையும் சேர்ந்துகொண்டது. சைடிங்குக்குச் செல்லும் இருப்புப் பாதை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் கேட் மூடப்பட்டால், வண்டிகள் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டே நிற்கும். யந்திரம் ஐடிலிங்கில் ஓடும்போது பிளக் சூடேறாது. எண்ணெய் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கேட் திறந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஆக்சிலேட்டரைத் திருக, வெண்ணீலப் புகை எழும். அப்புகையின் நடுவே ஏதேனும் ஒரு ஸ்கூட்டர் விக்கி நின்றுவிடுவது அக்காலத்தில் வழக்கமான காட்சி.

நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரிடம் மெக்கானிக் முதலில் எதையும் கேட்பதில்லை. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்து, மேலிருக்கும் கேப்பை உருவி, குழல் போன்ற பிளக் ஸ்பேனரைச் செருகித் திருகி, சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டே அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். நாக்கை நீட்டச் சொல்லி நோயறியும் வைத்தியரைப்போல அவர் அந்தப் பீங்கான் மூக்கைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். காபிக்கொட்டை நிறமாயிருந்தால் யந்திரம் சுகம். வெளுத்திருந்தால் காற்று மிகுந்து சூடு ஏறுகிறது. மைபோல் உலர்ந்த கரியாயிருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது சோக்கைத் திருப்பி விடவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாகப் பளபளத்தால் எண்ணெய் மிகுதி. ‘பிளக் கரி புடிச்சிருக்கு சார், ஆயில் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க’ என்பதுதான் பெரும்பாலும் தீர்ப்பு. பிறகு பிளக்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, அதன் உலோகப் பகுதியைச் சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிவைத்துக் கிக்கரை உதைக்கச் சொல்வார்; இடைவெளியில் நீலப் பொறி சட்டென்று தாண்டினால் திருப்தி; மஞ்சளாக மங்கித் துடித்தால் மீண்டும் சுத்தம். இடைவெளியை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. உடைந்த ஹாக்சா பிளேடின் கனமும் பிளக்குக்கு வேண்டிய சுமார் 0.6 மில்லிமீட்டரும் ஏறத்தாழ ஒன்றே என்பதை அனுபவத்தால் அறிந்து, அந்தத் துண்டையே இடையில் செருகிப் பார்த்து வளைகம்பியைத் தட்டிச் சரிசெய்தனர். இத்தகைய சாமர்த்தியத்தை எந்தத் தொழிற்பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

அவர்கள் செய்தவற்றுள் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உப்புத்தாளின் துகள் பீங்கானுக்கும் இரும்புக்கும் இடையில் தங்கி உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறிவிடும்; கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்தால் பீங்கானின்மேல் உலோகக் கோடுகள் பதிந்து, கரி செய்த தீங்கையே அவையும் செய்யும். நுண்மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிச் சுத்தம் செய்து, அழுத்தத்தின் கீழ் பொறி வருகிறதா என்று சோதித்தும் காட்டும் யந்திரம் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இருந்தது. சாலையோரத்தில் அது வெகு அபூர்வம். கரியை நெருப்பில் காட்டி எரித்த பழக்கமும் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கின் சைலன்சரையும் அவ்வாறே கழற்றி வைத்து, உள்ளே கட்டியாகப் படிந்த எண்ணெய்க் கரி செந்தணலாகும்வரை சுட்டுத் தட்டி எடுப்பார்கள். சைலன்சர் அடைத்திருந்தால் எரிந்த புகை வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிப் பிளக்கை மறுபடி கறுப்பாக்கும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பிளக்கை மட்டும் துடைத்துக் காசு வாங்கி அனுப்பியவரைவிட, சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தபின் அனுப்பியவரையே நான் தொழிலாளி என்று மதிப்பேன்.

கரிக்கு வேறு உற்பத்தி ஸ்தானங்களும் இருந்தன. மலிவு கருதிப் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த காலத்தில், சீக்கிரம் ஆவியாகாத அந்த எண்ணெய் அரைகுறையாக எரிந்து பிளக்கை மூடிற்று; ஆட்டோ ஓட்டியவர்கள் ஒரு பிளக்கை மாட்டி மற்றொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடியதற்கு இதுவும் காரணம். பெட்ரோலிலேயே கலந்து வந்த ஈயம் வேறுவிதமான படிவை உண்டாக்கியது. சூடேறியபோது அதுவும் மின்சாரத்தைக் கடத்திப் பொறியைக் கெடுக்கும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால் அத்தொல்லை நீங்கிற்று. குழந்தைகளின் இரத்தத்துக்கும் அதனால் நன்மை விளைந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

புகை விதிகள் கடுமையாகக் கடுமையாக, டூ-ஸ்ட்ரோக் மெள்ள மெள்ள விடைபெற்றது. 1996-இல் ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி நின்றது, மொபெட்டும் நாளடைவில் நான்கு வீச்சு யந்திரத்துக்கு மாறிற்று, 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் கார்புரேட்டரே இருசக்கர வாகனங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்து, எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. இதனால் காற்று தூய்மையாவது பெரிய நன்மை; அதை இழந்து பழங்காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். இன்றும் ஏர் ஃபில்டரை மாற்றாதவர்களுக்கும், யந்திரம் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் குறுகிய தூரத்துக்கே வண்டியை எடுப்பவர்களுக்கும் பிளக் கறுக்கவே செய்கிறது. ஆனால் அதைக் கழற்றிப் பார்க்காமலே புதியதை மாட்டிவிடுகிறார்கள்.

சாலையோரத்தில் இன்று கைகளில் நடுக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளில் பலர் இன்னும் பட்டாபிராமிலும், இந்துக் கல்லூரி, ஆவடி, திருநின்றவூர் பக்கங்களிலும் வாழ்கிறார்கள். 2024-இல் பட்டாபிராமில் கணினி நிறுவனங்களுக்கான டைடல் பார்க் திறக்கப்பட்டுவிட்டது. கணினித் துறையினரின் சரித்திரம் தானே எழுதப்பட்டுவிடும். இவர்களுடையது அப்படியன்று. பட்டாபிராமிலுள்ள இந்துக் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள், இவர்களிடம் அமர்ந்து, எந்த வண்டிக்கு என்ன பிளக், எந்தக் கறுப்புக்கு என்ன காரணம், யாரிடம் தொழில் கற்றார், முதல் கூலி என்ன என்பவற்றையெல்லாம் அவர்கள் வாய்மொழியாகவே குறித்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.