அரிவாள் அணுவும் நுரையீரல் அழுத்தமும்

1904-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த வால்ட்டர் கிளெமென்ட் நோயல் என்னும் இருபது வயது இளைஞர், சிக்காகோ நகரத்து மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்டார். இருமலும் காய்ச்சலும் இருந்தன. ஓராண்டாகவே படபடப்பும் மூச்சுத் திணறலும் அவரை வருத்தி வந்தன. பயிற்சி மருத்துவரான எர்னெஸ்ட் அயர்ன்ஸ் அவருடைய இரத்தத்தை நுண்பெருக்கியில் நோக்கியபோது, வட்டமாயிருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல நீண்டு வளைந்து காணப்பட்டன. அவருக்கு மேலிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் இதனைப் பிரசுரித்தார். உழவர் கையிலுள்ள அரிவாளே அவருக்கு உவமையாயிற்று. நோயல் தாய்நாடு திரும்பித் தொழில் நடத்தி, 1916-இல் நிமோனியாவால் மாண்டார்.

முதல் நோயாளியிடமே மூச்சுத் திணறல் இருந்தது. அவர் உயிரைக் கவர்ந்ததும் நுரையீரல் நோயே. ஆயினும், பின்வந்த அறிஞர்களின் கண் பெரிதும் அணுவின்மீதே நிலைத்தது. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர், குறை ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ளதென நிறுவினர். 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே லேமன், கட்புஷ் என்ற இருவர் இவ்வியல்பைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அது காணப்பட்டது.

இனி, நுரையீரல் மிகையழுத்தம் என்பதைப் பார்ப்போம். கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் இரத்த அழுத்தமன்று இது. அது சரியாயிருக்கையிலேயே இது ஏறியிருக்கக் கூடும். மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் 'அழுத்தம்' என்ற ஒரே சொல் வாய்த்துவிட்டது நமக்கு ஒரு சங்கடமே. இருதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய்கள் குறுகுவதால் உண்டாவது இது. அரிவாள் அணுக்கள் விரைவில் உடைகின்றன. வெளிப்பட்ட ஹீமோகுளோபின், குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை விழுங்கிவிடுகிறது. காலப்போக்கில் வலப்புற இருதயம் பாரந்தாங்காமல் சோர்கிறது. அணுக்கள் உடையும் தாலசீமியா போன்ற பிற நோய்களிலும் இவ்வாறு நேர்வதுண்டு.

2004-இல் அமெரிக்காவில் 195 பேரை எதிரொலிக் கருவியால் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் மிகையழுத்தக் குறி தென்பட்டது. அவர்களிடையே மரணமும் மிகுந்திருந்தது. மருத்துவ உலகம் திடுக்கிட்டது. சில்டெனாஃபில் என்ற மருந்தை அளித்துப் பார்த்தனர். வலி முற்றி மருத்துவமனை புகுவோர் தொகை பெருகவே, 2009-இல் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. நன்மை கருதிய மருந்தே நோவைக் கூட்டிற்று!

2011-இல் பிரெஞ்சு ஆய்வொன்று மேலும் தெளிவு தந்தது. 398 பேரில் 96 பேருக்குக் கருவி ஐயம் காட்டிற்று. இருதயத்துள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்ததில், 24 பேருக்கே மிகையழுத்தம் உறுதியாயிற்று. அம்முறையை 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானியர் தம் உடலிலேயே சோதித்துக் காட்டியிருந்தார். 1956-இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நம் நாட்டில் 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்று, நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிக்க முற்பட்டது. அச்சோதனை குருதியின் இயல்பை உரைக்கும். நுரையீரல் அழுத்தத்தை உரைக்காது. நோயுற்றவர் மேட்டில் ஏறும்போது முன்னிலும் மிகுதியாக மூச்சிரைத்தால், இரத்தக் குறைவென்று வாளாவிராது, இருதயத்தையும் சோதிக்குமாறு மருத்துவரைக் கேட்பது வேண்டும்.