தோட்டத்து ஆஸ்பத்திரியும் தொழிலாளியின் தயக்கமும்

தோட்டத் தொழிலாளர் மருத்துவத்தை நாடத் தயங்கியமைக்கு அவர்தம் அறியாமையே காரணம் என்று எழுதுவது நெடுங்காலமாக வழக்கமாகிவிட்டது. அன்றைய துரைமார் அவ்வாறு எழுதினர். நம்மவருள் சிலரும் அதனை ஆராயாது ஏற்றனர். வரலாற்றைச் சற்றே புரட்டினால் வேறொன்று தெரியவரும்.

பினாங்குத் தீவின் எதிர்க்கரையில் உள்ள நிபோங் திபால் வட்டாரத்தைச் சேர்ந்தது பைராம் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அவ்வட்டாரம் கரும்புக்குப் பெயர்பெற்றிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோருள் பலர் முதலில் மிதித்த மண் ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமாகும். மருத்துவம் என்றால் அடைத்து வைப்பது என்னும் அச்சம் அங்கேயே முளைத்திருந்தால் வியப்பதற்கில்லை.

தோட்டத்தில் வேலை செய்த நாளுக்கே கூலி. ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றைய வருவாய் போயிற்று. ஆகவே எழுந்து நிற்க இயலும் வரை பிரட்டுக்களத்துக்குச் சென்றனர். இயலாதபோதே ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். முற்றிய நோயோடு போனவர் அங்கே இறந்தனர். அதனால் ஆஸ்பத்திரிக்குச் சாவு வீடு என்ற பெயர் ஏற்பட, அடுத்த நோயாளி இன்னும் தாமதித்தார். இதனை அறியாமை என்பதா, கணக்கு என்பதா?

‘சோம்பேறிக் கூலி’ என்ற பழிச்சொல்லையும் ஈண்டு எண்ணிப் பார்க்கவேண்டும். ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய ஆய்வுக்குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய நாடுகளில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. கழிப்பிடமில்லாத லயத்தைச் சுற்றிய ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். வெளிறிய முகமும் தளர்ந்த நடையும் அதன் விளைவு. குருதி இழந்தவனைச் சோம்பேறி என்றார்கள்!

மலேரியாவின் கதை இன்னும் தெளிவானது. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்துக் காட்டைத் திருத்தச் செய்தார். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் 59 பேர். அதற்காக மக்களுக்கு எவரும் சொற்பொழிவாற்றவில்லை. அல்லூர் வெட்டினார்கள், அவ்வளவே. ஆனால், சமவெளியில் பலித்த முறை மலைச்சரிவில் பலிக்கவில்லை. அங்கே காடழிந்து வெயில் பட்ட தெளிந்த ஓடைகளிலேயே வேறொரு வகைக் கொசு பெருகியது. ரப்பருக்காக வெட்டிய காடே காய்ச்சலைக் கொணர்ந்தது என்பது கசப்பான உண்மை. பிரட்டுக்களத்தில் ஊற்றிக் கொடுத்த கொயினாவைவிடக் கசப்பானது.

நிலைமை மெல்லத்தான் மாறிற்று. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. நம் மக்கள் ‘டிரஸர்’ என்றழைத்த அவருக்கு முறையான தகுதி வேண்டும் என்பதை அது வலியுறுத்தியது. 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகக் காணப்படவில்லை. குரங்கிடமிருந்து வரும் வகைதான் எஞ்சியுள்ளது. அதற்கு இரையாவோருள் காட்டோரத் தோட்டங்களில் உழைப்போர் இன்றும் உள்ளனர்.